எரிமலை இல்லாத மலைக்கு எரிமலை மண் சொல்லும் பாடம்

கொல்லிமலையில் எரிமலை கிடையாது. நம் காலடியில் இருப்பது சார்னோகைட் என்ற கடும்பாறை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில், வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருவானது. சாம்பல் கக்கிய மலை அல்ல இது.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், சோளக்காட்டுச் சந்தையில் பார்க்கும் இளைஞர்கள் கொஞ்ச நாளாக இதே கேள்வியைக் கேட்கிறார்கள். "பேங்க்கார மாமா, எரிமலைச் சாம்பல் மண்ணுல எது போட்டாலும் விளையுமாமே? அந்தத் தூளு மூட்டையில வருதாம். வாங்கிப் போடலாமா?" செல்போனில் ஜப்பான் தோட்டத்தையும் இந்தோனேசியா தோட்டத்தையும் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை.

தூளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் அந்த மண் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஏனென்றால் அந்த மண்ணை ஆட்டிவைக்கும் அதே பொருள் நம் மலையிலும் நிறையவே இருக்கிறது.

பனி விலகிய காட்டில் விழுந்த சாம்பல்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மசாமா என்று ஓர் எரிமலை இருந்தது. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்து, உச்சி உள்ளே சரிந்து பெரும் பள்ளமாகிவிட்டது. அந்தப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர்தான் இன்று கிரேட்டர் ஏரி. வெடித்த சாம்பலைக் காற்று வடகிழக்கே கொண்டுபோய் வாஷிங்டன், ஐடஹோ, மொன்டானா மலைகளின் மேல் போர்த்தியது. அந்தப் பக்கத்து மலைகளில் பல, அதற்குச் சில ஆயிரம் ஆண்டுகள் முன்வரை பனிப்பாறைக்கு அடியில் கிடந்தவை. பனிப்பாறை நகரும்போது மேல்மண்ணைச் சுரண்டித் தள்ளிவிட்டு, கல்லும் சரளையுமாக விட்டுப் போகும். அந்தச் சரளையின் மேல் சாணளவு, முழத்தளவு என்று சாம்பல் வந்து படிந்தது.

அங்கே கோடையில் மழை ரொம்பக் குறைவு. ஆனாலும் தேவதாரு வகை மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. பனி உருகும் தண்ணீரை அந்தச் சாம்பல் அடுக்கு பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடை முழுக்கக் கொடுக்கிறது. கீழே உள்ள சரளையால் அது முடியாது. காடே அந்த ஒரு முழ மண்ணை நம்பித்தான் நிற்கிறது.

இந்த மண்ணுக்கு மண்ணியலார் வைத்த பெயர் ஆண்டிசால். ஜப்பானிய மொழியில் 'ஆன்' என்றால் கருமை, 'டோ' என்றால் மண். கையில் எடுத்தால் கனமே இருக்காது. ஒரு லிட்டர் அளவு நம் வயல் மண்ணைக் காயவைத்து நிறுத்தால் 1,300 முதல் 1,500 கிராம் வரை வரும். ஆண்டிசால் 900 கிராமைத் தாண்டாது. மீதியெல்லாம் காற்றும் தண்ணீரும் இருக்கும் இடம்.

சாம்பல் என்றதும் நம் அடுப்புச் சாம்பலை நினைக்காதீர்கள். அடுப்புச் சாம்பல் மரம் எரிந்து வருவது. எரிமலைச் சாம்பல் என்பது தூள் தூளாக உடைந்த கண்ணாடி. அது மழையில் சீக்கிரம் கரைந்து சிதையும். அப்போது அலுமினியமும் இரும்பும் வெளியே வருகின்றன. அவை மட்கைப் பிடித்துக்கொள்கின்றன. அப்படிப் பிடிபட்ட மட்கை நுண்ணுயிர்கள் எளிதில் தின்று தீர்க்க முடியாது. அதனால்தான் அந்த மண் ஆயிரம் ஆண்டுகள் ஆனாலும் கருப்பாகவே இருக்கிறது.

இதற்கு இன்னொரு முகம் உண்டு. அதே அலுமினியம் மணிச்சத்தையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் ஒரு மண்ணை ஆண்டிசால் என்று அடையாளம் காணப் பார்க்கும் சோதனைகளில் ஒன்று, கொடுத்த மணிச்சத்தில் 85 சதவீதத்துக்கும் மேல் பிடித்துவைக்கிறதா என்பது. 'எது போட்டாலும் விளையும்' என்று வீடியோவில் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

நீலகிரியில் நடந்தது

எரிமலை இல்லாமலே இப்படி ஒரு மண் உருவாகுமா? உருவாகியிருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டிலேயே. நீலகிரியில் 2,000 மீட்டருக்கு மேல், சோலையும் புல்வெளியும் இருக்கும் மேட்டு நிலத்து மண்ணைப் பிரெஞ்சு மண்ணியலாளர்கள் ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டார்கள். அங்கே சாம்பல் விழவில்லை. அடியில் இருப்பது நம்முடையதைப் போன்ற பழம்பாறை சிதைந்த செம்மண்தான். ஆனாலும் மேல்மண் ஆண்டிசாலின் குணங்களோடு இருக்கிறது.

காரணம் எளிது. கோடிக்கணக்கான ஆண்டு மழையில் பாறையின் மணற்சத்து கரைந்து ஓடிவிட்டது. அலுமினியமும் இரும்பும் தங்கிவிட்டன. மேலே குளிர், ஈரம். விழுந்த இலையும் செத்த வேரும் மெதுவாகத்தான் மட்குகின்றன. அந்த மட்கும் இந்த அலுமினியமும் பல ஆயிரம் ஆண்டு சேர்ந்திருந்து, எரிமலை செய்கிற வேலையைச் செய்துவிட்டன.

அப்படியானால் இந்தக் கருமண்ணுக்கு வேண்டியது இரண்டு: தாராளமாக அலுமினியம், தடையில்லாமல் மட்கு.

நம் மலையின் கணக்கு

முதலாவது நம்மிடம் இருக்கிறது. கொல்லிமலையின் உச்சிகளில் பாக்சைட் இருக்கிறது. பாக்சைட் என்றால் அலுமினியத் தாது. இங்கிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் பல ஆண்டுகள் வெட்டி, மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாகக் கொண்டுபோனார்கள். தாது எடுக்கும் அளவுக்குச் செறிவாக இல்லாத இடங்களிலும் நம் செம்மண் முழுக்க அலுமினியமும் இரும்பும் கலந்தே கிடக்கின்றன.

இரண்டாவதில்தான் இடிக்கிறது. நாம் இருப்பது 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். நீலகிரி அளவுக்குக் குளிர் இல்லை. இங்கே மட்கு சீக்கிரம் கரைந்துபோகும். சோலைக்காட்டிலும் பலாவடியிலும் வருஷா வருஷம் இலை விழுந்து ஈடுகட்டிவிடும். திறந்து போட்ட கொல்லைக்காட்டில் ஈடுகட்ட ஆளில்லை. மட்கு தீர்ந்துபோனால் அலுமினியமும் இரும்பும் சும்மா இருக்குமா? கிடைக்கிற மணிச்சத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கணக்குப் பார்த்தவன், இதையும் கணக்காகவே பார்க்கிறேன். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து இருக்கிறது. போட்ட மணிச்சத்தில் முதல் பயிர் எடுப்பது பொதுவாக 15 முதல் 20 சதவீதம் என்று பாடநூல்கள் சொல்கின்றன. அதாவது மூன்றரையிலிருந்து நாலரை கிலோ. மீதி மண்ணிலேயே இருக்கிறது, ஆனால் கைக்கு வராது. முதிர்வுத் தேதியே போடாத வைப்புநிதி மாதிரி. எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்த காலத்தில் வருஷா வருஷம் டி.ஏ.பி. போனது. திரும்பி வந்து மண் பரிசோதனை செய்தபோது பி.எச். 5.4, மணிச்சத்து 'குறைவு' என்றுதான் அட்டையில் இருந்தது.

மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் இருந்த கொல்லைகளில் குச்சிக்கிழங்கு வந்த பிறகு இது இன்னும் மோசமானது. சமவெளியில் சேகோ ஆலைகள் இருப்பதால் கிழங்குக்குக் கையில் காசு உண்டு. விவசாயியை அதற்காகக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் கிழங்கைப் பிடுங்கும்போது சரிவு மண் முழுக்கக் கிளறப்படுகிறது. அடுத்த மழையில் முதலில் ஓடுவது மேல்மண்தான். சாமையில் அப்படியில்லை. வேர் மண்ணிலேயே இருக்கும், கதிரும் தாளும்தான் வெளியே போகும்.

பொக்லைன் செய்வது

இப்போது அதைவிடப் பெரிய கவலை ஒன்று வந்திருக்கிறது. பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் மிளகும் காப்பியும் வைக்க இரண்டு ஏக்கர் சரிவைப் பொக்லைன் வைத்துச் சமப்படுத்தப் போவதாகச் சொன்னார். "ஒரே நாள்ல முடிஞ்சிரும் மாமா, அப்புறம் டிராக்டரே உள்ள வரலாம்."

அவரிடம் ஐடஹோ காட்டின் கதையைத்தான் சொன்னேன். அங்கே மரம் வெட்டக் கனரக வண்டிகளை விட்ட இடங்களில் சாம்பல் மண் நசுங்கிப்போனது. காற்றும் நீரும் இருந்த துளைகள் அடைபட்டன. பல பத்தாண்டு கழிந்தும் அது பழைய நிலைக்கு வரவில்லை. அரித்துப்போன சாம்பலைத் திரும்பக் கொண்டுவரவும் வழியில்லை. இன்னொரு மலை வெடித்தால்தான் உண்டு. நம் மேல்மண்ணும் அப்படித்தான். பொக்லைன் சரிவை வெட்டும்போது கருமண் அடியில் போய்ப் புதைகிறது, அடிச்செம்மண் மேலே வருகிறது. மட்கே காணாத, அலுமினியமும் இரும்பும் மட்டும் நிறைந்த மண் அது. அதில் வைக்கும் மிளகுக்கொடி மணிச்சத்துக்கு ஏங்கியே நிற்கும்.

"அப்ப சரிவுல எப்படி மாமா வேலை செய்யறது?" என்று கேட்டார். நம் பெரியவர்கள் செய்த மாதிரிதான். சரிவுக்குக் குறுக்கே கல்கட்டு வைப்பது, குழியை மட்டும் வெட்டுவது, நடுவில் இருக்கும் மண்ணைத் தொடாமல் விடுவது. அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. பொக்லைனுக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது என்பது அவருடைய கஷ்டம்.

நாம் செய்யக்கூடியவை

அலுமினியத்தை மண்ணிலிருந்து எடுக்க முடியாது. அதன் கையில் மட்கைக் கொடுத்துவிட்டால், மணிச்சத்தைப் பிடிக்க அதற்குக் கை மீதி இருக்காது. மட்கும் பொருளிலிருந்து வரும் அமிலங்கள் அந்தப் பிடியைத் தளர்த்தவும் செய்யும். எங்கள் நிலத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

முதலில் மூடாக்கு. காப்பிக்கும் மிளகுக்கும் நிழல் தரும் பலா, முருங்கை, கல்யாண முருங்கை, சில்வர் ஓக் எதன் இலையையும் கூட்டி எரிப்பதில்லை. சருகு கெட்டியாகக் கிடந்தால் பாம்பு வரும் என்ற பயம் நியாயமானதுதான். அதனால் நடைபாதையை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு, மற்ற இடத்தில் மூடாக்கை விட்டுவிடுகிறோம்.

இரண்டாவது, மணிச்சத்தை மட்கோடு சேர்த்தே கொடுப்பது. ஒரு டன் தொழு உரத்துக்கு 50 கிலோ ராக் பாஸ்பேட், பாஸ்போபாக்டீரியா கலந்து, ஈரம் காயாமல் இரண்டு மூன்று மாதம் மூடி வைக்கிறோம். ராக் பாஸ்பேட் வெறும் பாறைத்தூள். அமில மண்ணில்தான் கரையும். அதனால் மலைக்கு அது பொருந்தும். கீழே ராசிபுரம், நாமக்கல் பக்கம் சுண்ணாம்பு மண்ணில் இருக்கும் நண்பர்கள் இதைப் பார்த்துச் செய்ய வேண்டாம். அங்கே அது கரையாமல் அப்படியே கிடக்கும்.

மூன்றாவது, இந்த உரத்தை நிலம் முழுக்க இறைப்பதில்லை. இறைத்தால் அத்தனையும் செம்மண்ணைத் தொடும், தொட்டது பிடிபடும். வேர்ப்பகுதியில் குவியலாக வைத்து மூடாக்கால் மூடிவிடுகிறோம். மிளகு நடும்போது குழியில் வேர்ப்பூசண உரம் ஒரு கை போடுகிறோம். பூசண இழை, வேர் போகமுடியாத இடத்துக்கும் போய் மணிச்சத்தை எடுத்துவரும்.

நான்காவது துவரை. ஐதராபாத் அருகே பட்டன்சேருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 1990-ல் வெளிவந்தது. துவரை வேர் ஒருவகை அமிலத்தைக் கசியவிட்டு, இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்தை விடுவிக்கிறது என்று அதில் கண்டார்கள். நம் ஆட்கள் சாமைக்கும் கேழ்வரகுக்கும் நடுவே துவரையும் அவரையும் ஊன்றியது வெறும் குழம்புக்காக மட்டும் இல்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பூட்டிக்கிடக்கும் வைப்புநிதியை உடைத்துத் தர இதைவிட மலிவான ஆள் கிடையாது. அறுத்த பிறகு வேரைப் பிடுங்காமல் மண்ணிலேயே விடுங்கள், இலையையும் அங்கேயே உதிரவிடுங்கள்.

குச்சிக்கிழங்கை விடமுடியாதவர்கள் ஒரே கொல்லையில் அடுத்தடுத்துப் போடாமல், ஒரு வருஷம் சாமை-துவரை என்று மாற்றிப் போடலாம். சரிவின் குறுக்கே அன்னாசியை வரிசையாக நட்டால் அது மண்ணையும் தடுக்கும், சந்தைக்கும் போகும்.

இதெல்லாம் பலன் தருகிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. மழை விட்ட மறுநாள் நிலத்தில் மூன்று இடத்தில் ஓரடிக் குழி எடுங்கள்: பலா மரத்தடியில் ஒன்று, காப்பிக்கு நடுவில் ஒன்று, வெட்டவெளிச் சரிவில் ஒன்று. மேலிருந்து எத்தனை விரலுக்குக் கருமண், எங்கே செம்மண் தொடங்குகிறது என்று அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். எங்கள் நிலத்தில் பலாவடியில் ஒரு சாணுக்கு மேல் இருக்கிறது. குத்தகைக் காலத்தில் கிழங்கு போட்ட சரிவில் நாலு விரல்தான். அந்தச் சரிவில்தான் இந்த ஆடியில் துவரை ஊன்றியிருக்கிறோம். அடுத்த ஐப்பசி மழைக்குப் பிறகு அதே இடத்தில் மறுபடியும் குழி எடுக்க வேண்டும்.