புறவாசல் தோட்டம் - 6: சாரலில் நட்டுத் தையில் தோண்டுவது

ஆனி பிறந்து, மேல்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசத் தொடங்கி, மலைக்கு அப்பால் கொட்டித் தீர்த்த மேகத்தின் மிச்சம் குற்றாலத்திலும் தென்காசியிலும் பொடித் தூறலாக இறங்கும்போது, ஊரின் சீதோஷ்ணமே மாறிவிடுகிறது. இக்குளிர்ச்சியில் மனம் பறிகொடுத்து, உதகமண்டலத்தைப் போல இங்கும் முட்டைக்கோஸும் காரட்டும் பயிரிடலாமென்று விதை தேடிப் புறப்படுகிறவர்கள் பலர். உதகை 2,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பது. குற்றாலமோ ஏறத்தாழ 160 மீட்டர்தான். சாரல் ஓய்ந்த மறுநாளே வெயில் சுள்ளென்று அடிக்கும். இவ்வூரின் விசேஷம் குளிரன்று, ஈரம். 1800-ஆம் ஆண்டை ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே வாசனைப் பயிர்த் தோட்டம் அமைத்தபோது, கிராம்பு போன்ற ஈரப் பிரதேசத்து மரங்களையே கொண்டுவந்து வைத்தார்கள் என்பது கவனிக்கத் தக்கது.

வீட்டுத் தோட்டத்துக்கு இந்த ஈரம் அளிக்கும் பெரும் பிரசாதம், என் அபிப்பிராயத்தில், சிறுகிழங்கே. வைகாசியில், முந்தைய ஆண்டு எடுத்துவைத்த கிழங்கை ஒரு சிறு பாத்தியில் பதித்துவிட்டால், ஆடிக்குள் கொடி தழைத்துவிடும். அதன் நுனிகளைச் சாண் நீளத்துக்குச் சற்றுக் குறைவாகக் கிள்ளி, தொழுவுரமும் அடுப்புச் சாம்பலும் கலந்து அணைத்த பாரில் ஓரடிக்கு ஒன்றாக நட வேண்டும். சாரல் இருக்கும்வரை தண்ணீர் ஊற்றும் சிரமமில்லை. ஆனால் பாரின் அடியில் ஜலம் தேங்கினால் அத்தனையும் அழுகிவிடும். இலையைக் கசக்கி முகர்ந்தால் ஒரு வாசனை வரும். தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் நான்கு பட்டை தெரியும். இது துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். நட்ட ஒன்றரை மாதத்தில் களை எடுத்து, மண்ணை மறுபடி அணைத்துவிட வேண்டும்.

ஐப்பசி கார்த்திகையில் வாடைமழை வந்து கொடிக்கு வலுவூட்ட, பகற்பொழுது குறுகக் குறுக மண்ணுக்குள் கிழங்கு பிடிக்கிறது. நம் நாட்டுச் சிறுகிழங்கின் சுபாவம் அது. ஆகவேதான் நேரம் தவறி, மார்கழியை நெருங்கி நடுகிறவருக்கு இலைதான் மிஞ்சும். ஆடியில் ஊன்றிய நாட்டு அவரை பனிக்காலத்தில் பூத்துக் குலுங்குவதும் இதே காரணத்தால்தான். இவ்வூர் மேல்காற்றுக்கு அவரைப் பந்தலின் கால்களை மட்டும் ஆழமாக ஊன்றிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரே பாத்தியில் ஆண்டுதோறும் சிறுகிழங்கு வைத்தால் நூற்புழு பெருகி, கிழங்கு முண்டும் முடிச்சுமாகக் கெட்டுப்போகும். இடத்தை மாற்றியே நடுதல் வேண்டும்.

தை பிறப்பதற்குள், இலை பழுத்துக் கொடி சாய்ந்ததும் தோண்டலாம். அப்போது மண் மணத்துடன் கைக்கு வரும் கிழங்கைச் சாக்கில் இட்டு, சொரசொரப்பான கல்லில் தேய்த்துத் தோலைக் கழற்றி, பொங்கலுக்குப் பொரியல் செய்வது திருநெல்வேலிச் சீமையின் பழைய வழக்கம். அந்த ருசி கடையில் வாங்கிப் பல நாள் கிடந்த கிழங்கில் இராது. ஆதலால், வாசகர்களே, இந்தப் பொங்கலுக்கு வாங்கும் கிழங்கில் ஒரு கைப்பிடியைச் சமைக்காமல் விதைக்கு எடுத்துவையுங்கள்.