இழை சிறிது, இழப்பு பெரிது!

தாம்பரம் மின்சார ரயிலில் நாள்தோறும் போகிறோம், வருகிறோம். ஓடும் வண்டி நமக்குத் தெரிகிறது. ஒளி ஓடும் தடம் தெரிகிறதா? இருப்புப்பாதை ஓரத்திலே, மண்ணுக்கடியிலே, தலைமயிர் பருமனில் கண்ணாடி இழைகள் கிடக்கின்றன. நாம் பேசும் பேச்சும், பார்க்கும் படமும், ஊருக்கு அனுப்பும் பணமும் ஒளியாகி அவற்றின் வழியே விரைகின்றன.

"ஒளி நேர்கோட்டில்தான் செல்லும்" என்று டேராடூனில் ஓர் ஆசிரியர் அடித்துச் சொன்னாராம். வகுப்பிலிருந்த பஞ்சாப் மாணவர் நரீந்தர் சிங் கபானி தலையாட்டவில்லை. ஏன் வளையாது என்று தமக்குள் கேட்டார். கேட்டவர், 1954இல் லண்டனில், ஹாப்கின்ஸ் எனும் அறிஞரோடு சேர்ந்து, இழைக் கற்றை வழியே படத்தையே கடத்திக் காட்டினார்! இழையின் ஓரத்திலே பட்டுப் பட்டுத் திரும்பி, வெளியேற வழியின்றி, ஒளி முன்னேறுகிறது. சூட்சுமம் அவ்வளவுதான்.

ஆனால் அன்றைய கண்ணாடியிலே மாசு மிகுதி. சிறிது தூரத்திலேயே ஒளி மங்கியது. ஷாங்காயில் பிறந்து இங்கிலாந்தில் உழைத்த சார்லஸ் காவ், தம் துணைவர் ஹாக்கமுடன் 1966இல் கணக்கிட்டுச் சொன்னார்: மாசை நீக்குங்கள்; ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினாலும் செய்தி அனுப்பலாம். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அந்த அளவைத் தாண்டினர். இன்றோ கிலோமீட்டருக்கு நூற்றில் 95 பங்கு மிஞ்சுகிறது! கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரத்துக்கு 29 கிலோமீட்டர். இழை பழுதின்றி இருந்தால், அங்கே ஏற்றிய ஒளியில் கால்பங்கு இங்கே வந்து சேரும்.

காவுக்கு 2009இல் நோபல் பரிசு, கபானிக்கு இல்லை. 2020இல் அவர் மறைந்தார். 2021இல் பத்ம விபூஷண் வந்தது. மாலை வந்தபோது கழுத்து இல்லை!

தோழர்களே, கபானியின் கதையே இப்படி என்றால், பல்லாவரம் சாலையோரப் பள்ளத்தில் குந்தியிருக்கும் நம் தோழனை யார் நினைப்பார்? இழையின் மேலுறையை உரிப்பவன் அவன். துடைத்து, முனையைச் சீராக வெட்டி, மின்பொறியில் உருக்கி, இரண்டை ஒன்றாக்குபவன் அவன். ஒளி ஓடும் நடுப்பகுதியின் அகலம், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை! இணைப்பு செம்மையானால் இழப்பு அற்பம். ஓரிடத்தில் இழையை இறுக மடக்கிவிட்டாலோ, பாதி ஒளி அங்கேயே பாழாகலாம். நல்ல கண்ணாடி 15 கிலோமீட்டரில் விழுங்குவதை, ஒரே மடிப்பு விழுங்கிவிடும்! ஆய்வுக்கூடம் ஆண்டாண்டாய்ப் பாடுபட்டுச் சேர்த்த ஒளியைக் காப்பது அவன் கை.

கிண்டியை அடுத்த சென்னை ஐ.ஐ.டி.யில் ஒளியிழை ஆராய்ச்சி நடக்கிறது, பெருமைப்படுகிறோம். அதே பெருமையிலே இந்தக் கைக்குப் பங்கு உண்டா, இல்லையா?

மாடமாளிகையா கேட்கிறோம்? கண்ணாடித் துணுக்கு கண்ணிலே பாயாதிருக்கக் காப்புக் கண்ணாடி. முறையான பயிற்சி, அதற்கொரு சான்று. ஒப்பந்தத்தின் பேரால் அரித்துத் தின்னப்படாத கூலி. ஊருக்கெல்லாம் இணைப்புத் தருபவன் வீட்டிலே, அவன் பிள்ளை பாடம் படிக்க ஓர் இணைப்பு. இவ்வளவுதான்!

ஒளி வளையலாம், தோழர்களே. அதை ஓட வைப்பவன் வளையக் கூடாது!