கோதுமை ஆகாத பிள்ளையும் பெருங்காய டப்பாவும்

சீலியாக் நோயுள்ள பதின்பருவப் பிள்ளையைக் காவல் காத்து வளர்க்க முடியாது. டப்பாவைத் திருப்பிப் படிக்கப் பழக்குவதே வழி. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் இவர்களின் குடலுறிஞ்சிகளைச் சிதைக்கிறது. சோறும் இட்லியும் உண்ணும் நமக்கென்ன கவலை என்பார்கள். பரோட்டா கண்ணுக்குத் தெரியும். கூட்டுப் பெருங்காயத்தில் கலந்த மைதா தெரியாது, சாம்பாரோடு உள்ளே போய்விடும். ‘நண்பர்களோடு ஒருநாள் தின்றேன், வயிறு வலிக்கவில்லையே’ என்று பிள்ளை கேட்பது இன்னும் வலுவான வாதம். வலியே இல்லாமலும் குடல் புண்ணாகலாம். கால்சியம் சேராமல்போனால் எலும்பு வளரும் வயதில் அது பெரிய நஷ்டம். மிரட்டி என்ன பயன்? ரத்தப் பரிசோதனை முடிவை மருத்துவர் பிள்ளையிடமே விளக்கட்டும். அம்மாவின் அதட்டலைவிட அந்த எண் உறைக்கும். இந்தியாவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிடக்கூடாது. கடையில் அந்த வரியைத் தேடுவது பிள்ளையின் வேலையாகவே இருக்கட்டும்.