தோட்டத்துல மான் மேயுது... வில்லெடுக்கலாமா? தேனி விவசாயி தெரிஞ்சுக்க வேண்டிய சட்டமும் வழிகளும்

அக்டோபர் வந்தால் போதும், இன்ஸ்டாவிலும் யூடியூபிலும் ஒரே மாதிரி வீடியோக்கள் வரிசை கட்டும். அமெரிக்காவில் ஏதோ ஒரு குடும்பப் பண்ணை. மரத்தில் பரண் கட்டி, இலை நிற உடை போட்டு, காம்பவுண்ட் வில்லோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். கீழே மான் வரும். அம்பு பாயும். மாலையில் குடும்பமே சேர்ந்து சமைக்கும்.

இதைப் பார்க்கிற கம்பம், கூடலூர், போடி பசங்களுக்கு ஒரு கேள்வி வருவது இயல்புதான். "நம்ம தோட்டத்துலயும்தான் ராத்திரி மிளாவும் பன்னியும் இறங்கி மேயுது. வில்லும் ஆன்லைன்ல கிடைக்குது. நம்ம நிலம், நம்ம பயிர். நாம அடிச்சா என்ன தப்பு?"

ஒரு வரியில் பதில்: அடித்தால் சிறை. ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டால், பயிரைப் பறிகொடுத்த விவசாயிக்கு அது பதிலே இல்லை. ஏன் கூடாது, எப்போது அனுமதி உண்டு, நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்று வரிசையாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் மட்டும் எப்படி அனுமதி?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். அங்கேயும் "என் நிலத்து மான் என் மான்" கிடையாது. காட்டு விலங்கு பொதுச்சொத்து, மாநில அரசின் பொறுப்பில் இருப்பது. சொந்தப் பண்ணையாக இருந்தாலும் சீசன், ஒரு ஆள் எத்தனை மான் அடிக்கலாம் என்ற வரம்பு, எந்த ஆயுதம் என்ற விதி எல்லாம் உண்டு. நில உரிமையாளருக்குச் சில மாநிலங்கள் லைசென்ஸில் சலுகை தருகின்றன, அவ்வளவுதான். அடித்த மானைக் கசாப்புக் கடையில் விற்கவும் முடியாது.

அந்த முறை பிறந்ததற்கே ஒரு கசப்பான வரலாறு இருக்கிறது. கட்டுப்பாடில்லாத வேட்டையால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வெள்ளைவால் மான்கள் சுமார் 5 லட்சமாகச் சுருங்கின. பிறகு வந்த கட்டுப்பாடுகளால் மீண்டு, இன்று சுமார் 3 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். நாட்டின் கிழக்குப் பகுதியில் ஓநாயும் மலைச்சிங்கமும் கிட்டத்தட்ட இல்லாமல் போனதால், மானைத் தின்ன இயற்கையில் ஆளில்லை. அந்த வேலையைத்தான் லைசென்ஸ் வாங்கிய வேட்டைக்காரர்கள் செய்கிறார்கள். துப்பாக்கி, தோட்டா, வில், அம்பு விற்பனையில் வசூலாகும் சிறப்பு வரி, 1937இல் வந்த ஒரு சட்டத்தின்படி காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே போகிறது.

இது உலகம் முழுக்க ஒரே மாதிரி இல்லை. பிரிட்டனில் மான் வேட்டைக்கு அனுமதி உண்டு, ஆனால் வில்லால் அடிக்கத் தடை. ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் அந்த நாட்டுக் காட்டைப் பார்த்து எழுதப்பட்டது.

நம்ம பக்கத்துக் காடு வேற கதை

கம்பம் பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் மேகமலை. 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம், 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்தது. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். அதை ஒட்டியே கேரளத்தின் பெரியார் புலிகள் காப்பகம்.

இங்கே மானைத் தின்ன ஆள் இருக்கிறது. புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றுக்கும் மிளா முக்கியமான இரை. அந்த மிளாவே உலக அளவில் 'அழிவுக்கு உள்ளாகக்கூடிய' இனப் பட்டியலில் இருக்கிறது. காட்டில் இரை குறைந்தால் சிறுத்தை எங்கே வரும்? ஆட்டுக்கிடைக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும்தான். ஒரு தோட்டத்துக்காரர் மானை அடிப்பதன் விலையைப் பக்கத்து ஊர் கிடைக்காரர் கட்ட வேண்டி வரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் அடிப்படை. ஆரம்பத்தில் இந்தச் சட்டத்திலேயே லைசென்ஸ் வாங்கிச் சில விலங்குகளை வேட்டையாட வழி இருந்தது. 1991இல் வந்த திருத்தம் அந்தக் கதவை மூடியது. அதன்பிறகு பொழுதுபோக்கு வேட்டை என்ற ஒன்றே இந்தியாவில் சட்டப்படி இல்லை.

'வேட்டை' என்றால் கொல்வது மட்டும் என்று நினைக்க வேண்டாம். விஷம் வைப்பது, சுருக்கு மாட்டுவது, பொறி வைப்பது, இரை போட்டு இழுப்பது, அதற்கெல்லாம் முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். அம்பு குறி தவறிப் போனாலும் குற்றம் குற்றமே. பட்டா நிலமா, காடா என்பதும் இதில் விதிவிலக்கு ஆகாது.

2022 திருத்தத்துக்குப் பின் தண்டனை இப்படி:

• பொதுவான குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

• முதல் அட்டவணை விலங்கு என்றாலோ, சரணாலயத்துக்குள் வேட்டை என்றாலோ குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. புள்ளிமானும் காட்டுப்பன்றியும் இரண்டாவது அட்டவணையில். 1998இல் வெளிமான் வேட்டையாடிய வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 20 ஆண்டு கழித்து, 2018இல் ஜோத்பூர் நீதிமன்றம் 5 ஆண்டு தண்டனை விதித்தது நினைவிருக்கலாம். ஜாமீனில் வந்து மேல்முறையீட்டுக்குப் போனார் என்பது வேறு விஷயம். வழக்கு என்று வந்துவிட்டால் எத்தனை வருஷம் இழுக்கும் என்பதற்கு அது ஒரு கணக்கு.

கறி மட்டும் வாங்கினா?

அதுவும் மாட்டும். மான் கறி, கொம்பு, தோல் கையில் இருப்பதே குற்றம். அது சட்டவிரோதமாக வந்தது என்றே எடுத்துக்கொள்ளப்படும்; இல்லை என்று நிரூபிக்க வேண்டியது வைத்திருப்பவர்தான். "ஃப்ரெண்டு கொடுத்தான்" என்பது கோர்ட்டில் நிற்காது. வேட்டைக்குப் பயன்பட்ட ஆயுதமும் வண்டியும் பறிமுதல் ஆகும். ரோட்டில் அடிபட்டு இறந்த மானைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. காட்டு விலங்கின் உடல் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லியாக வேண்டும்.

அப்போ எந்த நிலையிலும் கொல்லவே முடியாதா?

இரண்டு விதிவிலக்கு உண்டு.

ஒன்று, உயிர்த் தற்காப்பு. விலங்கு பாய்கிறது, உங்களையோ இன்னொருவரையோ காப்பாற்ற வேறு வழி இல்லை, நல்லெண்ணத்தில் அடித்தீர்கள், அது இறந்துவிட்டது என்றால் குற்றமில்லை. ஆனால் அந்த நேரத்தில் நீங்களே சட்டவிரோதமாக ஏதாவது செய்துகொண்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. பயிரைக் காப்பாற்றுவது இந்தப் பிரிவில் வராது.

இரண்டு, எழுத்துப்பூர்வ அனுமதி. இரண்டாவது அட்டவணை விலங்கு மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்தாகிவிட்டது என்று தலைமை வனஉயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அதிகாரியோ கருதினால், காரணத்தை எழுதி, அதை வேட்டையாட உத்தரவு தரலாம். சட்டப் புத்தகத்தில் 'பயிர்' என்ற வார்த்தை தெளிவாகவே இருக்கிறது. அப்படிக் கொன்றாலும் உடல் அரசு சொத்து.

சிக்கல் எங்கே என்றால், நேரம். பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் மக்காச்சோளக் காட்டை உழுதுவிட்டுப் போய்விடும். மனு மேசை மேசையாக ஏறி இறங்க நாள் ஆகும்.

காட்டுப்பன்றிக்கு மட்டும் தனி விதியா?

ஆமாம். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து தூரத்தை வைத்து மூன்று வட்டம்:

• 1 கி.மீ. வரை: சுடக் கூடாது.

• 1 முதல் 3 கி.மீ. வரை: பிடித்துக் காட்டில் விட வேண்டும்.

• 3 கி.மீ.க்கு அப்பால்: வனத்துறையினர் சுடலாம்.

கவனியுங்கள், சுடுவது வனத்துறை. விவசாயி அல்ல. மானுக்கு இது பொருந்தவும் பொருந்தாது.

இந்த வட்டங்களைக் கம்பம் பள்ளத்தாக்கின் மேப்பில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். நடுவில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் வயல், இரு ஓரத்திலும் மலை. பன்றி அதிகம் இறங்குவது மலையடித் தோட்டங்களில். அந்தத் தோட்டங்கள்தான் முதல் இரண்டு வட்டத்துக்குள் சிக்குகின்றன. தொல்லை அதிகம் இருக்கும் இடத்தில் இந்த விதி கொடுக்கும் உதவி குறைவு. காட்டை ஒட்டித் துப்பாக்கி வெடித்தால் மற்ற விலங்குகளுக்கு ஆபத்து என்ற காரணம் நியாயமானதுதான். ஆனால் அந்த நியாயத்தின் செலவை மலையடி விவசாயி மட்டும் ஏற்க வேண்டுமா என்ற கேள்விக்கு இழப்பீடுதான் பதில் சொல்ல வேண்டும்.

மலை ஏறினால் குமுளி. அங்கே கேரளா 2022 முதல், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடமே கொடுத்திருக்கிறது. உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்தான் சுட வேண்டும். விஷம், வெடி, மின்சாரம் கூடாது.

குறுக்கு வழிகள் ஏன் ஆபத்து?

மான், பன்றிக்கு என்று வைக்கும் பொறி அதற்கு மட்டும் வேலை செய்யாது. அவுட்டுக்காய் எந்த வாயில் வெடிக்கும் என்று வைத்தவருக்கே தெரியாது. கரண்ட் கம்பி இன்னும் மோசம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்காகப் போட்ட சட்டவிரோத மின்வேலியில் 3 யானைகள் இறந்தன. தேனி மாவட்டத்திலேயே, 2022 செப்டம்பரில் பெரியகுளம் அருகே கைலாசபட்டியில் தோட்டத்து வேலியில் சிக்கிச் சிறுத்தை இறந்தது. வேலி போட்டவரா, நில உரிமையாளரா, அங்கே கிடை போட்டவரா, யார் பொறுப்பு என்று பெரிய சர்ச்சையே நடந்தது.

மனித உயிரும் போயிருக்கிறது. 2023 அக்டோபர் கடைசியில் கூடலூர் அருகே வண்ணாத்திப்பாறை காப்புக்காட்டில் வனத்துறையினர் சுட்டதில் ஒரு விவசாயி இறந்தார். வேட்டைக்கு மின்கம்பி வைக்க வந்தவர், தாக்க முயன்றார் என்றது வனத்துறை. உறவினர்கள் அதை ஏற்காமல் போராடினார்கள். காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே இருக்கும் பதற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சோலார் வேலி சரியா?

முறையாகப் போட்டால் சரி. சோலார் வேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. பேட்டரியோடு இணைந்த கருவி ஏறக்குறைய ஒரு விநாடிக்கு ஒரு முறை, கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக ஒரு துடிப்பை அனுப்பும். விலங்கு அதிர்ந்து பின்வாங்கும். வீட்டு லைனிலிருந்து நேராகக் கொக்கி போட்டால் மின்சாரம் விடாமல் பாயும். தொட்டது சாகும், அது மனிதனாக இருந்தாலும்.

இதற்காகவே 2023இல் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டிய பகுதிகளில் புதிய வேலிக்கு முன் அனுமதி வேண்டும், ஏற்கெனவே உள்ளதைப் பதிவு செய்ய வேண்டும். கருவி தரச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். விற்பவர் "எல்லாம் ஓகே சார்" என்றாலும் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பயிர் போச்சு... இப்போ என்ன செய்வது?

• மேய்ந்த இடம், கால்தடம், சாய்ந்த பயிர் ஆகியவற்றை உடனே போட்டோ, வீடியோ எடுங்கள். லொகேஷன் ஆன் செய்துகொள்ளுங்கள்.

• பட்டா, சிட்டா, அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தைப் புகாருக்கு இழப்பீடு வராது.

• அதே தொல்லை திரும்பத் திரும்ப வந்தால் ஒவ்வொரு முறையும் மனு கொடுங்கள். எழுத்தில் பதிவான சம்பவங்கள்தான் உங்கள் பக்க ஆதாரம்.

• பயிர்க் காப்பீடு இருந்தால், காட்டு விலங்கு சேதத்தையும் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. 2026 காரீஃப் பருவம் முதல் இது நடைமுறை. 72 மணி நேரத்துக்குள் காப்பீட்டு ஆப்பில், இடக்குறிப்போடு படம் ஏற்றிப் புகார் செய்ய வேண்டும். எந்த விலங்கு, எந்தப் பகுதி என்ற பட்டியலை மாநில அரசு அறிவிக்கும். அதில் உங்கள் ஊரும் பயிரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்தக் கடைசி வேலையை ஊரில் இருக்கும் அப்பாவோ சித்தப்பாவோ தனியாகச் செய்வது கஷ்டம். சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து வேலை பார்க்கும் பிள்ளைகள் செய்யக்கூடிய உருப்படியான உதவி இதுதான்: ஆப்பை இறக்கிக் கொடுத்து, ஒரு முறை கூட இருந்து பழக்கி விடுங்கள்.

வில் பிடிக்க ஆசையா? தாராளமாக வில்வித்தைப் பயிற்சிக்குச் சேருங்கள், ஒலிம்பிக் விளையாட்டு அது. குறி மட்டும் பலகையில் இருக்கட்டும். தோட்டத்துப் போரை, இப்போதைக்கு, மனுவும் போட்டோவும் முறையான வேலியும் வைத்துத்தான் நடத்த முடியும். அந்த மனுவுக்கு வேகமாகப் பதில் கிடைக்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. அதை ஊரே சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.