சிவன் எந்த டீம்? கேம் சாமிகளும், ரசிகர்களின் தியரிகளும், நம்ம ஊர் படுகளமும்!

ஃபேன்டசி கேம் விளையாடுகிற பசங்களிடம் போய், “சிவன் ஆர்டரா, கேயாஸா?” என்று கேட்டுப் பாருங்கள். “கேயாஸ்தான் ப்ரோ, அழிக்கிற சாமியாச்சே!” என்று பட்டென்று பதில் வரும். இதே கேள்வியைக் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பாட்டியிடம் கேட்டால், “என்ன சாமி கேக்குற நீ?” என்று நம்மையே திருப்பிக் கேட்பார். அண்ணாமலையாரை ஒரு டீமில் சேர்க்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு விநோதமாக இருக்கும்.

ஆனால், கேம் உலகில் இது பெரிய விவாதம். ‘இந்தச் சாமி ஒழுங்கின் பக்கமா, குழப்பத்தின் பக்கமா?’ என்று ஆளாளுக்கு ஆதாரங்களோடு தியரி எழுதுகிறார்கள். மணிக்கணக்கில் வீடியோ போடுகிறார்கள். கேமை வாங்காதவர்கள்கூட அதன் கதையை வீடியோவிலேயே கரைத்துக் குடித்துவிடுகிறார்கள். கூடவே நம் சாமிகளைப் பற்றிய ஒரு பார்வையும் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இந்த டீம் பிரிப்பு எங்கிருந்து வந்தது?

1961-ல் வெளியான ஒரு நாவலில் அமெரிக்க எழுத்தாளர் பால் ஆண்டர்சன், உலகமே ஒழுங்குக்கும் குழப்பத்துக்கும் நடக்கும் சண்டை என்று எழுதினார். அதே வருடம் இங்கிலாந்தின் மைக்கேல் மூர்காக், எல்ரிக் என்ற இளவரசனின் கதைகளைத் தொடங்கினார். 1974-ல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதையே விளையாட்டு விதியாக்கியது. உங்கள் கேரக்டர் ஒழுங்கின் பக்கமா, குழப்பத்தின் பக்கமா, நடுவிலா என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு வந்த கம்ப்யூட்டர் கேம்களில் பல இந்த விதியின் பேரப்பிள்ளைகள்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூர்காக்கின் கதையில் ஒழுங்கு என்றால் நல்லது, குழப்பம் என்றால் கெட்டது என்று கிடையாது. ஒழுங்கு முழுதாக ஜெயித்தால் உலகம் அசைவில்லாமல் செத்துப்போகும். குழப்பம் முழுதாக ஜெயித்தால் எதுவும் நிலைக்காது. இரண்டும் சமமாக இருந்தால்தான் வாழ்க்கை. இந்த நுணுக்கம்தான் வழியில் எங்கேயோ தொலைந்துபோய், குழப்பச் சாமி என்றாலே வில்லன் என்றாகிவிட்டது.

தியரி எப்படிப் பிறக்கிறது?

ஒரு நல்ல உதாரணம், ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ கேம் வரிசை. இதில் ஷியோகோரத் என்று ஒரு பைத்தியக்காரச் சாமி வருவார். சிரிப்பார், திடீரென்று கொலைவெறி ஆவார், சீஸ் பற்றிப் பேசுவார். 2007-ல் வந்த ‘ஷிவரிங் ஐல்ஸ்’ என்ற பகுதியில் ரகசியம் உடைகிறது. அவர் உண்மையில் ஜிகலாக், ஒழுங்கின் தெய்வம்! அவருடைய பலத்தைப் பார்த்துப் பயந்த மற்ற தெய்வங்கள், ‘நீ எதை வெறுக்கிறாயோ அதுவாகவே ஆகக் கடவாய்’ என்கிற மாதிரி சாபம் கொடுத்துவிட்டன. யுகத்துக்கு ஒருமுறை பழைய உருவம் வரும். தானே ஆண்ட நாட்டைத் தானே அழிப்பார். மறுபடி பைத்தியமாவார். சாபம், யுகம், உருமாற்றம் என்று அப்படியே நம்ம புராண வாடை அடிக்கிறது இல்லையா?

அந்தக் கதையின் முடிவில், விளையாடுகிறவர்தான் அடுத்த ஷியோகோரத். 2011-ல் ‘ஸ்கைரிம்’ வந்தபோது ரசிகர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அதில் வரும் ஷியோகோரத், பழைய கேமின் சம்பவங்களைக் கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி போகிறபோக்கில் பேசுகிறார். ‘அப்படியென்றால் இது நாம்தான்! நாம் விளையாடிய ஹீரோதான் இன்று இந்தச் சாமி’ என்று தியரி கிளம்பியது. கேம் இதை நேரடியாகச் சொல்வதில்லை. குறிப்பு மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும்.

‘டார்க் சோல்ஸ்’ கேமை உருவாக்கிய ஹிடேடகா மியாசாகி, சிறு வயதில் ஆங்கில ஃபேன்டசி புத்தகங்களை வாசிப்பாராம். புரியாத இடங்களைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்வாராம். அதே இடைவெளியை அவர் தன் கேம்களிலும் வேண்டுமென்றே விட்டுவைத்தார். 2011-ல் வந்த முதல் கேமில், பெயர் அழிக்கப்பட்ட ஒரு போர்க் கடவுள் உண்டு. ‘சூரியனை வணங்கும் வீரன் சோலேர்தான் அவர்’ என்று ஒரு கூட்டம் சத்தியம் செய்தது. 2016-ல் மூன்றாம் பாகம் வந்து, பெயரில்லாத ராஜா ஒருவரைக் காட்டியது. அவர்தான் அந்தக் கடவுள் என்பதற்கு ஆதாரங்கள் வலுவாக இருந்தன. சோலேர் ரசிகர்களுக்கு நெஞ்சு வலியே வந்திருக்கும்!

நம்ம சாமிகள் மாட்டிக்கொண்டது எப்படி?

‘ஃபைனல் ஃபேன்டசி’ கேமில் சிவா என்றால் யார் தெரியுமா? நீலநிறத்தில் பனியைப் பொழியும் ஒரு பெண். 1990-ல் வந்த மூன்றாம் பாகத்திலிருந்தே அப்படித்தான். குளிரில் நடுங்குவதை ஆங்கிலத்தில் ‘ஷிவர்’ என்பார்கள், அந்த ஒலியில் வந்த பெயராக இருக்கும் என்பது ரசிகர்களின் ஊகம். கயிலாயம் பனிமலைதானே என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

சண்டையானது ‘ஸ்மைட்’ கேமில். பல நாட்டுத் தெய்வங்கள் மோதும் இந்த கேமில் காளியை அரைகுறை ஆடையில் காட்டியதற்கு, 2012-ல் அமெரிக்காவில் வாழும் ராஜன் செட் எதிர்ப்புத் தெரிவித்தார். பக்தர்கள் வணங்கும் தெய்வத்தை ஜாய்ஸ்டிக்கில் ஆட்டுவிப்பதா என்பதும் அந்த எதிர்ப்பின் ஒரு பகுதி. ஆனாலும் இந்துத் தெய்வங்கள் கேமிலிருந்து போகவில்லை. ராமர், ராவணன், கணேசர் எல்லாம் பிறகுதான் வந்தார்கள்.

ஆடை விஷயத்தில் அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால், மனிதன் சாமியை ‘விளையாடுவது’ என்ற வாதம் நம்ம பக்கம் நிற்காது. திருவண்ணாமலை மாவட்டத்துத் தெருக்கூத்தில் கிருஷ்ணனும் திரௌபதியும் மனித வேஷம்தானே? வேஷம் கட்டியவரைப் பார்த்து ஊரே கும்பிடுகிறது. விஷயம், ஆட்டுவிக்கிறவருக்கு மரியாதை இருக்கிறதா என்பதில்தான்.

ஜப்பானின் ‘ஷின் மெகாமி டென்செய்’ வரிசைதான் இதில் சுவாரஸ்யமானது. ஒழுங்கா, குழப்பமா, நடுவிலா என்று நீங்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்து கிளைமாக்ஸே மாறும். அதில் விஷ்ணு ஒரு பிரிவு. சிவனோ ‘அழிவுத் தெய்வங்கள்’ பிரிவு. நம்ம பசங்க ‘கேயாஸ்’ என்று சொல்வது இந்த மாதிரி பட்டியல்களைப் பார்த்துத்தான்.

ஆனால், சைவ சித்தாந்தம் சொல்வது ஐந்தொழில். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்துமே சிவனுடையவை. அதில் ஒன்றை மட்டும் பிய்த்து எடுத்து ஒட்டிய லேபிள்தான் ‘அழிவுத் தெய்வம்’.

விநோதம் என்னவென்றால், அதே கேம் வரிசை தனக்கே தெரியாமல் சரியான பதிலையும் வைத்திருக்கிறது. 2003-ல் வந்த ‘நாக்டர்ன்’ கேமில் சிவனைப் பெற வேண்டுமென்றால் பாரோங், ராங்டா இருவரையும் இணைக்க வேண்டும். இவர்கள் பாலித் தீவின் நடனத்தில் வருகிறவர்கள். பாரோங் காவல் தெய்வம், ராங்டா சூனியக்காரிகளின் ராணி. யாருக்கும் இறுதி வெற்றி இல்லாமல் முடியும் சண்டை அவர்களுடையது. அந்த எதிரெதிர் ஜோடி ஒன்றானால், சிவன்! கார்த்திகை தீபத்தன்று மாலை, 2,668 அடி மலையில் தீபம் ஏற்றும் நேரத்தில், கோயிலுக்குள்ளிருந்து அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து போவார். அதைப் பார்த்த யாருக்கும் இந்த ஃப்யூஷன் புதிதாக இருக்காது.

படுகளத்தில் யார் ஆர்டர்?

கீழ்பென்னாத்தூர் இருப்பது திருவண்ணாமலை - செஞ்சி சாலையில். திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூல இடமாகச் சொல்லப்படும் மேலச்சேரி, செஞ்சிக்குப் பக்கத்தில்தான். வெயில் காலம் வந்தால் இந்த வட்டாரம் முழுக்க அக்னி வசந்த விழாதான். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. கடைசி நாளில் தரையில் களிமண்ணால் பிரமாண்டமாகத் துரியோதனன் படுத்திருப்பான். பீமன் வேஷக்காரர் அவன் தொடையை அடிப்பார். செந்நீர் பீறிடும், திரௌபதி கூந்தல் முடிப்பாள்.

இப்போது டீம் பிரியுங்கள் பார்ப்போம். கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது விதி. அடித்தது பாண்டவர் பக்கம். தொடையைத் தட்டிச் சைகை காட்டியது கண்ணன், அதாவது காக்கும் கடவுள். பலராமருக்கே கோபம் வந்துவிட்டது. விதிப்படி சண்டை போட்டுச் செத்தவன் துரியோதனன். டஞ்சன்ஸ் கணக்கில் பார்த்தால் ஒழுங்கின் பக்கம் அவன்தான்! “சபையில புடவைய இழுத்தப்ப எங்க போச்சு உங்க விதி?” என்று எதிர் தியரியும் உடனே வரும். இந்த வாதம் நம் திண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. அதற்கு யாரும் ஃபேன் தியரி என்று பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். அடித்து முடித்த பிறகு, துரியோதனனின் மனைவி பெருந்திருவாளின் ஒப்பாரியும் உண்டு. தோற்றவனுக்கும் அழ நம்ம ஊர் இடம் வைத்திருக்கிறது. கேம்களில் பாஸ் செத்தால் பாயின்ட்தான் வரும்.

இந்தியாவிலிருந்து நல்ல முயற்சியே இல்லையா என்றால், இருக்கிறது. புனேவின் ‘நாடிங் ஹெட்ஸ்’ 2020-ல் வெளியிட்ட ‘ராஜி’யில், தம்பியைத் தேடி அசுரர்களோடு மோதும் ஒரு பெண்ணின் கதையைத் துர்கையும் விஷ்ணுவும் பேசிக்கொண்டே நகர்த்துவார்கள். இருவரும் பார்வையாளர்கள், கொஞ்சம் கட்சி எடுப்பவர்கள். கிட்டத்தட்ட திண்ணைப் பேச்சு மாதிரியே இருக்கும்.

கேம் பிரியர்கள் இந்தப் பக்கம் வந்தால் ஒரு டிப்ஸ்: படுகளம் பெரும்பாலும் காலையில் நடக்கும், தீமிதி மாலையில். முதல் நாள் ராத்திரி கூத்தையும் முழுக்கப் பார்த்துவிட்டுத் தூங்காமல் அப்படியே களத்துக்குப் போய்விடுங்கள். முன்வரிசை சீக்கிரம் நிரம்பிவிடும்.