காசுமாலையும் பழங்காசும்

தங்கத்தின் எடையை நாம் பவுன் என்றும் சவரன் என்றும் கூறுகிறோம். இவ்விரு சொற்களும் பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் பெயரையொட்டி வந்தவை. 1817-ஆம் ஆண்டு முதல் அச்சிடப்பட்ட அந்த அந்நிய நாட்டுக் காசு நம் நாட்டிற்குள் ஏராளமாக வந்தது. கடைவீதியில் செலவானதைவிடப் பெண்டிர் கழுத்தில் ஏறியதே மிகுதி எனலாம்.

காசின் ஒரு புறம் விக்டோரியா மகாராணி, 7-ஆம் எட்வர்டு, 5-ஆம் ஜார்ஜ் போன்றோரின் தலையுருவம் இருக்கும். மறுபுறம், பெரும்பாலும், குதிரை மீதமர்ந்து சிறகுள்ள நாகத்தைக் கொல்லும் வீரனைக் காணலாம். எடை 7.988 கிராம், மாற்று 22 காரட். இன்று நாம் பவுன் எனக் கணக்கிடும் 8 கிராமுக்கு இது சற்றே குறைவு. 1918-இல் பம்பாயிலும் இக்காசு அச்சாயிற்று. விற்க நினைப்போர் காசின் எடையையும் வளையத்தின் எடையையும் தனித்தனியே கேட்டறிதல் நலம். இலக்குமி உருவம் பொறித்த மெல்லிய தகடுகளைக் கோத்ததும் காசுமாலையே. ஆனால் அது நாணயமன்று.

நல்ல பத்தர் காசைத் துளைக்கமாட்டார். தலையுருவம் நேராகத் தொங்கும்படி, விளிம்பின் உச்சியில் சிறு வளையத்தைப் பற்றவைப்பார். பற்றவைக்கும் இடத்தில் வெண்காரத்தை நீரில் குழைத்துத் தடவி, பொடியை வைத்து, ஊதுகுழலால் தீயை ஊதுவார். பொடியென்பது தங்கத்துடன் வெள்ளியும் செம்பும் கலந்தது; ஆதலால் காசு உருகுமுன் அது உருகிவிடும். 'பொடிவைத்து ஊதுதல்' என்னும் வழக்கு இத்தொழிலிலிருந்து வந்ததே. சூடு மிகுந்தால் பொடி முகத்தில் பரவி எழுத்துக்களை மூடிவிடும். பற்றவைக்காமல், காசைச் சுற்றிச் சட்டம் அமைத்துப் பிடிக்கும் முறையும் உண்டு. கூலி சற்றுக் கூடினாலும் காசு கெடாத இம்முறையையே நாம் சிறந்ததெனக் கருதுகிறோம்.

மலேயா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து உறவினர் கொணர்ந்த செல்லாத செப்புக் காசுகளையும் இவ்வாறே பதக்கமாக்கலாம். மகளிர் குழுக்களுக்கு இது ஏற்ற கைத்தொழில். நிக்கல் காசு மட்டும் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும்.

இதுவரை கூறியது வீட்டிலுள்ள காசைப் பற்றி. மண்ணிலிருந்து கிடைக்கும் காசின் நிலை வேறு. புதுக்கோட்டைச் சீமையில் 1898-ஆம் ஆண்டு 501 ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. தென்னாட்டில் அகப்பட்ட ரோமானியக் காசுகள் சிலவற்றில் தலைக்கு மேல் இரு துளைகள் உள்ளன. அந்நாளிலேயே கோத்து அணிந்தமைக்கு அவை சான்று. இத்தகைய காசு உலையில் ஏறினால் மிஞ்சுவது தங்கம் மட்டுமே.

1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் ஆட்சித்தலைவருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். மறைத்தால் தம் பங்கை இழப்பதுடன் ஓராண்டு வரை சிறையும் நேரலாம். அறிவித்தவர் பறிகொடுப்பார் என்ற அச்சம் வேண்டுவதில்லை. உரிமையாளர் இல்லாத புதையலென முடிவானால், நிலம் பிறருடையதாயினும், உடன்பாடு இல்லாதபோது கண்டவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்குரியவருக்குக் கால் பங்கும் உண்டு. அரசு எடுத்துக்கொண்டால் பொருளின் மதிப்போடு ஐந்திலொரு பங்கு கூட்டித் தரும்.

எழுதத் தெரியாதவருக்கு இவ்வறிவிப்பைப் பஞ்சாயத்து உறுப்பினர் எழுதித் தரலாம். கிடைத்த நாள், சர்வே எண், காசுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்தல் அவசியம். காசு இருந்த பானை ஓட்டையும் எறிந்துவிடாது சேர்த்து ஒப்படைக்க வேண்டும். காசைப் புளியிட்டுத் தேய்த்தலும் கூடாது.