சிறைவாசிகளின் தேக நலமும் தேசத்தின் கடமையும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் கிளியனூர் இருக்கிறது. இச்சாலையின் வடகோடியில் நியாயஸ்தலங்கள் உள்ளன. தென்கோடியில், புதுவை எல்லைக்குள், மத்திய சர்க்காரின் ஜிப்மர் வைத்தியசாலை நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே குடிசை போட்டு வாழும் இருளர் ஒருவர் கைது செய்யப்பட்டு வடக்கே கொண்டுபோகப்படுவது எளிது. நோய் கண்டபோது அவரே தெற்கே போய்ச் சேருவது அரிது. ஏன் இப்படி இருக்கிறது என்பதைச் சாஸ்திர முறைப்படி விசாரித்தறிய வேண்டும் என்பதே இன்று நாம் எழுத முற்பட்ட விஷயம்.

"குற்றவாளிக்கு வைத்தியம் ஒரு கேடா?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு முதலில் ஒரு கணக்கைச் சொல்லுவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். இவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நால்வரில் மூவர் குற்றவாளிகள் என்று எந்த நீதிபதியும் தீர்ப்புச் சொல்லவில்லை. குற்றம் நிரூபிக்கப்படாதவன் நிரபராதி என்பது சட்டத்தின் அரிச்சுவடி. குற்றம் நிரூபிக்கப்பட்டவனுக்கும் கோர்ட்டு விதிப்பது சுதந்திர இழப்பு ஒன்றே. க்ஷயரோகத்தையும் சேர்த்து அனுபவிக்கவேண்டும் என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதப்படுவதில்லை.

ஆனால் எழுதப்படாத அத்தண்டனை நடைமுறையில் நிறைவேறி வருகிறது. 100 பேருக்கு அமைந்த இடத்தில் 131 பேர் அடைக்கப்பட்டிருந்ததாக அதே அறிக்கை கூறுகிறது. நெரிசலும், காற்றோட்டமின்மையும், உணவுக் குறைவும் கூடுமிடத்தில் க்ஷயம் குடிபுகும் என்பதைப் பாமரரும் அறிவர். 2023-இல் 'லான்செட்' வைத்தியப் பத்திரிகைக் குழுமத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி, இந்தியச் சிறைகளில் லட்சம் பேருக்கு 1,076 பேர் வீதம் ஆண்டுதோறும் க்ஷயத்திற்கு ஆளாவதாக மதிப்பிட்டது. வெளியிலுள்ள ஜனங்களைப் பீடிப்பதைப்போல் இது சுமார் ஐந்து மடங்கு. 2022-இல் சிறைகளில் மாண்டவர் 1,995 பேர். அவற்றில் 1,773 மரணங்கள் 'இயற்கை' என்று பதியப்பட்டன. மருந்தால் தீரும் நோயால், வைத்தியன் கண்ணில் படாமல் ஒருவன் சாவானாயின் அதனை இயற்கை என்று எப்படிச் சொல்வது?

இது நமக்குப் புதிய துன்பம் அன்று. கோயமுத்தூர்ச் சிறையில் சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்தார். சுப்பிரமணிய சிவம் ஆரோக்கியமான வாலிபராகச் சிறை புகுந்து, 1912-இல் குஷ்டநோயுடன் வெளிவந்தார். அந்நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறவும் அவருக்குத் தடை விதித்தார்கள். கால்நடையாகவே ஊரூராய்த் திரிந்து, 1925-இல் பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்தார். பாரதியார் 1918-இல் புதுவையை விட்டுப் புறப்பட்டதும் கைதாகி அடைபட்டது இதே கடலூரில்தான். அன்னிய ஆட்சி சிறையைக் கொண்டு தேகத்தை முறித்தது என்று நாம் குற்றஞ்சாட்டினோம். நம்முடைய ஆட்சியில் அக்குற்றச்சாட்டு தலைவர்களைப்பற்றி மட்டும் பேசி, பெயரில்லாத ஏழையைப்பற்றி மௌனம் சாதிக்கலாமோ?

அந்த ஏழை யார்? சிறையிலிருப்போரில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்பட்டோர் ஆகிய வகுப்புக்களைச் சேர்ந்தவர்கள். ஒரு ஜாதியில் பிறந்ததே குற்றம் என்று விதித்த குற்றப்பரம்பரைச் சட்டம் 1871-இல் பிறந்து, 1911-க்குப் பின் சென்னை ராஜதானிக்கும் வந்தது. 1947-இல் இங்கே அது நீங்கியது. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது காவல் நிலையத்தின் பழக்கத்திலிருந்து நீங்கவில்லை. துப்புத் துலங்காத திருட்டுக்களை இருளர் தலையில் கட்டுகிறார்கள் என்பது விழுப்புரம் ஜில்லாவில் நெடுநாளைய முறையீடு. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்தும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இதற்காகவே பல்லாண்டுகளாகப் போராடி வருகிறது. செங்கல் சூளையிலும் மரம் வெட்டும் கூப்பிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு உழைத்த தேகம், அரைவயிற்றோடு சிறைக்குள் நுழைகிறது. அங்கே நோயைப் பெற்று, ஜாமீனில் மீண்டும் ஓரறைக் குடிசைக்குத் திரும்புகிறது. க்ஷயத்துக்குக் குறைந்தது ஆறு மாதம் மருந்து வேண்டும். ரிமாண்டோ சில நாளில் முடியலாம், சில வாரம் நீளலாம். பாதியில் விட்ட மருந்து நோயை மருந்துக்கு அடங்காததாக்குகிறது. சிறைச்சுவர் மனிதனைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது.

சிறைக்குள்ளும் ஜாதி புகுந்திருந்தது. கூட்டுவதும் கழுவுவதும் ஒரு வகுப்பாருக்கு, சமைப்பது வேறொரு வகுப்பாருக்கு என்று வகுத்த விதிகள் பல மாகாணச் சிறைக் கையேடுகளில் இருந்தன. 2024 அக்டோபர் 3-ஆம் தேதி, சுகன்யா சாந்தா என்னும் பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இவ்விதிகளை அரசியலமைப்புக்கு விரோதமானவை என்று தள்ளியது. சிறைப் பதிவேடுகளிலுள்ள ஜாதிப் பத்தியையும் நீக்கக் கட்டளையிட்டது. நமது பாளையங்கோட்டைச் சிறையில் ஜாதிவாரியாகப் பிரித்து அடைத்துவந்த வழக்கமும் அத்தீர்ப்பில் பேசப்பட்டது. இத்தீர்ப்பை நாம் மனமார வரவேற்கிறோம். எனினும் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வேலையைப் பங்கிடுவதற்கு ஜாதியைக் கேட்பது அநீதி. யாருடைய தேகம் அதிகமாகக் கெடுகிறது என்று அறிவதற்கு, பெயரை மறைத்து வகுப்புவாரிக் கணக்கெடுப்பது அநீதிக்குப் பரிகாரம். முன்னதை ஒழிக்கும் வேகத்தில் பின்னதைக் கைவிடலாகாது. எண்ணப்படாதவன் கவனிக்கப்படுவதில்லை.

ஆராய்ச்சியால் ஏழைக்கு என்ன பயன் என்று சந்தேகிப்போருக்குச் சென்னையே விடையளிக்கும். 1956-இல் சென்னையில் தொடங்கிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம், 193 நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றாரை ஸானடோரியத்திலும் மற்றொரு கூற்றாரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தது. வீட்டிலிருந்தோர் நெருக்கத்திலும் குறைந்த உணவிலும் வாழ்ந்தும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தனர். 1959-இல் வெளியான இம்முடிவு உலகமெங்கும் ஏழை நோயாளியின் வைத்தியத்தை மாற்றியது. அந்நிலையமும் சேர்ந்து ஜார்க்கண்டில் நடத்திய மற்றோர் ஆராய்ச்சியில், நோயாளியின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு முதலியன கொடுத்ததனால் அவர்களிடையே புதிய க்ஷயம் 39 சதவிகிதம் குறைந்தது. அது 2023-இல் வெளியாயிற்று. 2022-இல் தமிழ்நாடு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' நோயாளியின் எடை, சுவாசம், துணையின்றி நிற்கும் சக்தி ஆகியவற்றைப் பார்த்து, ஆபத்திலிருப்பவரை உடனே வைத்தியசாலையில் சேர்க்கிறது. தராசும், சுவாசத்தை எண்ணும் கடிகாரமும், விரலில் மாட்டிப் பிராணவாயுவை அளக்கும் சிறு கருவியும் போதும். இம்மூன்று சோதனைகளைச் சிறையின் வாயிலில் செய்வதற்குத் தடையென்ன?

ஆயினும் ஆராய்ச்சியின் பெயரால் எளியோரை வதைத்த கதைகளும் உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஹோம்ஸ்பர்க் சிறைக்கைதிகளின் தோலின்மேல் இருபதாண்டுகளுக்கு மேலாகப் பரிசோதனைகள் நடந்தன. நம் நாட்டில், அப்போதைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் ஜில்லாவில், 2009-இல் பழங்குடிச் சிறுமிகளுக்கு ஒரு புதிய தடுப்பூசி போட்டபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டனர். 2013-இல் பார்லிமெண்டுக் குழு இதனைக் கடுமையாகக் கண்டித்தது. காவலாளியின் எதிரில் கைதி சொல்லும் 'சரி' சம்மதமாகாது. ஆகையால் விசாரிப்போர் சிறை அதிகாரிகளுக்குக் கீழ்ப்பட்டவராக இருத்தலாகாது. மறுக்கும் கைதிக்குத் தீங்கு வரலாகாது. கண்ட உண்மை முதலில் அவனுக்கும் அவன் ஊராருக்கும் தாய்மொழியில் சொல்லப்பட வேண்டும்.

சட்டம் இல்லாமையால் இத்துன்பம் நேரவில்லை. 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே உட்புகும் கைதியை வைத்தியர் பரிசோதிக்கவேண்டும் என்கிறது. 2015-இல் ஐக்கிய நாட்டுச் சபை ஏற்ற மண்டேலா விதிகள், வெளியிலுள்ளோருக்குக் கிடைக்கும் தரத்திலேயே கைதிக்கும் இலவச வைத்தியம் வேண்டும் என்கின்றன. 300 கைதிகளுக்கு ஒரு வைத்தியர் என்பது மாதிரிச் சிறைக் கையேட்டின் அளவு. 775 பேருக்கு ஒருவரே உள்ளார் என்று 2025-ஆம் ஆண்டின் இந்திய நீதி அறிக்கை கூறிற்று. பரிசோதனை வெறும் சடங்கானால் என்ன நேரும் என்பதை 2020 ஜூனில் சாத்தான்குளம் காட்டியது. காவலில் அடிபட்ட தந்தைக்கும் மகனுக்கும் வைத்தியச் சான்று வழங்கப்பட்டது. மாஜிஸ்டிரேட்டு ரிமாண்டுக்கு உத்தரவிட்டார். கோவில்பட்டிக் கிளைச்சிறைக்குச் சென்ற இருவரும் அடுத்தடுத்த நாட்களில் மாண்டனர்.

நாம் சர்க்காரிடம் கேட்பவை நான்கு. சிறை வைத்தியர்களைச் சிறை இலாகாவின் அதிகாரத்திலிருந்து பிரித்துச் சுகாதார இலாகாவின் கீழ்க் கொண்டுவருக. உட்புகும்போது செய்யும் பரிசோதனையின் பிரதி ஒன்றைக் கைதியின் கையில் கொடுக்க. விடுதலையாகும் நோயாளியின் மருந்து அறுபடாதவாறு அவன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே செய்தி அனுப்புக. நோயும் மரணமும் எவ்வகுப்பாரை எவ்வளவு தாக்கின என்பதை ஆண்டுதோறும் ஜில்லாவாரியாக வெளியிடுக.

நம் வாசகர்களான தேச ஊழியருக்கும் வேலையுண்டு. தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் ஜில்லாச் சிறையில் வைத்தியர் எத்தனை பேர், க்ஷயப் பரிசோதனை எத்தனை பேருக்கு நடந்தது என்று எழுதிக் கேளுங்கள். முதல் முறை குற்றஞ்சாட்டப்பட்டவர், ஆயுள் அல்லது மரண தண்டனைக்குரிய குற்றமல்லாத வழக்கில், உச்ச தண்டனையின் மூன்றிலொரு பங்கைக் காவலில் கழித்திருந்தால் விடுதலைக்கு உரியவர் என்று 2024 ஜூலை முதல் புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. அத்தகையோர் உங்கள் ஊரில் யாரேனும் உளரா என்று குடிசை குடிசையாகச் சென்று விசாரியுங்கள். கூட்டத்தைக் குறைப்பதே சிறையில் க்ஷயத்துக்கு முதல் மருந்து. அதனைக் கொடுக்க வைத்தியன் வேண்டியதில்லை. மனுவெழுதத் தெரிந்த ஒருவர் போதும்.